கொட்டகைக்குள் ஓர் இசைக்குழு



கும்மிடிப்பூண்டியில் குடியிருக்கிறோம் என்று வெளியூர் உறவினர்களிடம் சொன்னால், அவர்கள் இரண்டு செய்திகளைத் தவறாமல் எடுப்பார்கள். ஒன்று, சிப்காட் இரும்பாலைகளின் புகை. மற்றொன்று, ஏ.ஆர். ரஹ்மான் இந்தப் பக்கத்தில் அமைத்திருக்கும் ஃபிலிம் சிட்டி. முதலாவதைச் சொல்லும்போது முகம் சுளிப்பார்கள். இரண்டாவதைச் சொல்லும்போது "நம்மவர்" என்ற சொல்லைச் சேர்த்துக்கொள்வார்கள். 2009ஆம் ஆண்டு ஆஸ்கர் மேடையில் இரண்டு விருதுகளைப் பெற்ற அவர், "எல்லாப் புகழும் இறைவனுக்கே" என்று தமிழில் சொன்னதை நம் வீடுகளில் யாரும் மறக்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்பதை உலகமே நம் மொழியில் கேட்டதாக எண்ணி மகிழ்ந்தோம்.

அந்த மேடைக்கு வெகுகாலம் முன்பு, சென்னையில் திலீப் குமார் என்ற பெயரில் அவர் ஒரு சிறுவராக இருந்தார். இசையமைப்பாளரான தந்தை ஆர்.கே. சேகர் மறைந்தபோது அவருக்கு வயது ஒன்பது. தந்தை விட்டுச்சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுக் குடும்பம் நாட்களைக் கடத்தியது. வளரும் பருவத்திலேயே ஊதியத்துக்கு வாசிக்கத் தொடங்கியவர், சிறுவயது நண்பர் சிவமணி, ஜான் அந்தோணி, சுரேஷ் பீட்டர்ஸ் முதலியோருடன் 'ரூட்ஸ்' என்ற குழுவில் கீபோர்டு வாசித்தார். 'நெமிசிஸ் அவென்யூ' என்ற ராக் இசைக்குழு ஒன்றைத் தாமே தொடங்கவும் செய்தார். குடும்பம் இஸ்லாத்தைத் தழுவியதையும், 1992இல் 'ரோஜா' வெளிவந்ததையும் நம் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லி வளர்க்கிறோம். அந்த ராக் குழுவைப் பற்றி மட்டும் சொல்வதில்லை.

வென்ற மனிதரை உரிமை கொண்டாடுவது எளிது. நான்கு பையன்கள் ஒரு கொட்டகையில் கூடி, கேட்க ஆளும் இன்றி, காசும் இன்றி, வெறும் விருப்பத்துக்காகக் கித்தார் வாசிப்பதைப் பொறுத்துக்கொள்வது எளிதன்று. ஊராரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. இரண்டு ஆண்டுகளாக எங்கள் வீட்டில் நடந்துவருவதை, கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து அமர்ந்து எழுதுகிறோம்.

எங்கள் மூத்த மகன் பாலிடெக்னிக் முடித்து, சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறான். அவனுடன் படித்த மூவர் சேர்ந்து இந்தக் குழு. ஒருவர் தேவாலயத்தில் கீபோர்டு வாசித்துப் பழகியவர். மற்றொருவர் டிரம்ஸ், முழுத் தொகுதி வாங்கப் பணமில்லாததால் பாதிக்கு மேல் பிளாஸ்டிக் டிரம்மும் பெயின்ட் டப்பாவும்தான். பாடுபவர் இங்குள்ள இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய பாட்டனாருக்கு ஏ.ஈ. மனோகரனின் பொப் பாடல்கள் என்றால் உயிர். 'சுராங்கனி'யை இன்றும் முனகிக்கொண்டிருப்பார். எங்கள் மகனிடம் இருப்பது பழைய மின்கித்தார். மூர் மார்க்கெட் வரை மின்ரயிலில் போய், யாரிடமோ பேரம் பேசி வாங்கி, துணிப்பையில் சுற்றி எடுத்துவந்தான். வீட்டுக்குள் கொண்டுவராமல் முதல் ஒரு வாரம் நண்பன் வீட்டில் வைத்திருந்தான் என்பது பிறகு தெரிந்தது.

ராக் என்றவுடன் நீண்ட தலைமுடியும் கூச்சலும் நம் நினைவுக்கு வருகின்றன. அதன் தொடக்கம் அவ்வளவு பயங்கரமானதன்று. மின்கித்தார், அடித்தொனி தரும் பேஸ் கித்தார், டிரம்ஸ், ஒரு குரல். இவ்வளவு இருந்தால் போதும். 1956இல் லிவர்பூல் துறைமுக நகரத்துப் பள்ளி மாணவர் ஜான் லெனன் 'குவாரிமென்' என்ற குழுவைத் தொடங்கினார். அந்நாட்களில் அங்கே இளைஞர் குழுக்கள் துணி துவைக்கும் பலகையைத் தாளக்கருவியாகவும், தேயிலைப் பெட்டியில் கம்பு நட்டுக் கயிறு கட்டியதைப் பேஸாகவும் வைத்துக்கொண்டன. எங்கள் ஊர்ப் பெயின்ட் டப்பா அந்த வழியில் வந்ததுதான். தொழில் நகரங்களில் இந்த இசை வேரூன்றியதற்குக் காரணம் உண்டு என்று எண்ணுகிறோம். நாள் முழுவதும் இயந்திரத்தின் ஓசையைக் கேட்பவனுக்குத் தானே ஓர் ஓசையை எழுப்ப வேண்டும் என்று தோன்றாதா?

எங்கள் இருவருக்கும் இதில் கவலை இருந்தது. ஆனால் ஒரே கவலையன்று. தாய்க்கு மார்க்கக் கவலை. தந்தைக்குப் பணக் கவலை.

முதலில் பணம். சட்டம் மிகைநேர வேலைக்கு இருமடங்கு ஊதியம் என்கிறது. இந்த ஊரில் திருமணங்கள் நடப்பதும், வீடுகளுக்கு மேல்தளம் எழும்புவதும், கடன் அடைவதும் அந்த இருமடங்கில்தான். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமுக்கு மேற்பார்வையாளர் அழைக்கும்போது பையன் மறுத்துவிட்டான் என்று கேள்விப்பட்டால் எந்தத் தந்தைக்குத்தான் பொறுக்கும்? வீட்டில் திருமண வயதில் ஒரு மகளும் இருக்கிறாள். "அதுல என்ன வருமானம்?" என்று தந்தை கேட்டதற்கு மகன், "ஒண்ணும் இல்லத்தா, அதனாலதான் போறேன்" என்றான். அந்தப் பதில் சில வாரங்கள் வீட்டில் பேச்சில்லாமல் செய்தது. மணிக்கு இவ்வளவு என்று விலை போடப்பட்ட ஊரில், விலையில்லாத இரண்டு மணிநேரத்தை ஒருவன் கேட்கிறான் என்பது பொறுமையாக யோசித்தபோதுதான் விளங்கியது. முடிவில், மாதத்தில் இரண்டு ஞாயிறு ஓவர்டைம், மற்றவை அவனுக்கு என்று பேசி வைத்தோம்.

மார்க்கக் கவலை அவ்வளவு விரைவில் தீரவில்லை. தீர்ந்துவிட்டது என்று இப்போதும் சொல்லமாட்டோம். நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை அறிஞர்கள் நரம்புக் கருவிகளையும் ஊதுகருவிகளையும் தடுத்திருக்கிறார்கள். பட்டையும் மதுவையும் இசைக்கருவிகளையும் ஆகுமானவையாக்கிக் கொள்ளும் ஒரு கூட்டத்தாரைப் பற்றிப் புகாரியில் வரும் நபிமொழி அவர்களுக்கு முதன்மையான சான்று. அந்தலூசியாவின் இப்னு ஹஸ்ம் (ரஹ்) அந்த அறிவிப்பாளர் தொடரில் குறை கண்டு இசையை ஆகும் என்றார். இப்னு ஹஜர் (ரஹ்) போன்ற ஹதீஸ்கலை மேதைகள் அந்தத் தொடர் முழுமையானதே என்று மறுமொழி தந்தார்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் இசை கேட்பதைப் பற்றித் தனிப் பகுதியே எழுதினார். அதிலும் குடிகாரர்களின் அவைகளுக்கு அடையாளமாகிவிட்ட கருவிகளை விலக்கினார். இவற்றை எல்லாம் நாங்கள் ஆராய்ந்து தீர்ப்புச் சொல்லும் தகுதியுடையவர்கள் அல்லோம்.

அதே புகாரியில்தான், பெருநாளன்று அன்னை ஆயிஷா (ரலி) வீட்டில் இரு சிறுமியர் பாடிக்கொண்டிருந்ததும், அபூபக்ர் (ரலி) அதட்டியதும், பெருநாள் என்பதால் அவர்களை விட்டுவிடும்படி நபி (ஸல்) சொன்னதும் பதிவாகியிருக்கின்றன. பள்ளிவாசலில் அபிசீனியர் ஈட்டி விளையாடியதை அன்னையவர்கள் சலிக்கும்வரை பார்க்க நபி (ஸல்) துணை நின்றதும் அங்கேயே உண்டு. தம் வீட்டிலே மனைவி மக்களோடு கலந்ததும் மறுமைச் சிந்தனை மங்கிவிடுகிறதே என்று கலங்கிய ஹன்ழலா (ரலி) அவர்களுக்கு, ஒரு நேரம் அதற்கு, ஒரு நேரம் இதற்கு என்ற கருத்தில் நபி (ஸல்) ஆறுதல் சொன்னதை முஸ்லிமில் காண்கிறோம். அது கித்தாருக்கு அனுமதி என்று நாங்கள் வாதிடவில்லை. மனிதனுக்குக் களிப்பு வேண்டும் என்பதை மார்க்கம் அறிந்தே இருக்கிறது என்று மட்டும் எடுத்துக்கொண்டோம். நாகூர் ஈ.எம். ஹனீபாவின் பாடல்கள் ஒலிக்காத நிக்காஹ் வீடு நம் தலைமுறையில் உண்டா? அவற்றிலும் வாத்தியங்கள் இருந்தன. அப்போது யாரும் ஒலிபெருக்கியை நிறுத்தச் சொன்னதில்லை.

பள்ளிவாசல் ஹஜ்ரத் அவர்களிடம் போனோம். அவர் சுற்றி வளைக்கவில்லை. தம் நிலைப்பாடு கண்டிப்பானது, கித்தார் கூடாது என்றார். பிறகு தேநீர் வரவழைத்து, பையன் மஃரிபுக்கு எங்கே இருக்கிறான் என்று விசாரித்தார். ஞாயிறுகளில் பள்ளிக்கு வருகிறானா என்று அவருக்கே தெரியும். எங்கள் வாயால் கேட்க விரும்பினார் போலும். வருகிறான் என்றோம். "என்னோட பேச்சை அவன் கேக்கணும்னா, அவன் எங்க காதுக்கு எட்டற தூரத்துல இருக்கணும். துரத்திடாதீங்க" என்றார். தீர்ப்பையும் விட்டுக்கொடுக்காமல் பிள்ளையையும் விட்டுக்கொடுக்காமல் பேசும் ஆலிம் வாய்த்தது எங்கள் பாக்கியம்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் அது வாய்ப்பதில்லை. 2012 டிசம்பரில் ஸ்ரீநகரில் நடந்த இசைக்குழுப் போட்டியில் மூன்று பள்ளி மாணவியர் 'பிரகாஷ்' என்ற பெயரில் மேடையேறிப் பரிசு பெற்றார்கள். காஷ்மீரின் முதல் பெண்கள் ராக் குழு அது. உடனே இணையத்தில் வசையும் மிரட்டலும் குவிந்தன. அப்போதைய முதலமைச்சர் உமர் அப்துல்லா ஆதரவாகப் பேசினார். தலைமை முஃப்தி அதை இஸ்லாத்துக்கு மாறானது என்று அறிவித்தார். 2013 பிப்ரவரியில் அந்தச் சிறுமியர் குழுவைக் கலைத்துவிட்டார்கள். இசை கூடாது என்று கருதும் ஒருவர் அதைச் சொல்ல உரிமையுடையவர். ஆனால் மார்க்கத்தின் பெயரால் ஒரு சிறுமிக்கு ஆபாச வசைகளை எழுதியவன் எந்த நூலைப் படித்து எழுதினான்? தாயானவள் இந்தப் பத்தியை எழுதும்போது கை நடுங்கியது.

இந்தோனேசியாவில் மேற்கு ஜாவாவின் காருட் பகுதியைச் சேர்ந்த ஹிஜாப் அணிந்த மூன்று பெண்களின் 'வாய்ஸ் ஆஃப் பாசெப்ரோட்' குழுவும் எதிர்ப்புகளைச் சந்தித்தது. அவர்கள் நிறுத்தவில்லை, 2024இல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழா வரை போனார்கள்.

எங்களுக்கு இன்னும் நெருக்கமாகத் தோன்றியவர் யூசுஃப் இஸ்லாம். கேட் ஸ்டீவன்ஸ் என்ற பெயரில் புகழின் உச்சியில் இருந்த அவர், 1977இல் இஸ்லாத்தை ஏற்று, ஐயத்துக்கிடமானதை விட்டு விலகுவோம் என்று 1979இல் தம் கித்தார்களை ஏலத்தில் விற்று அறப்பணிக்குக் கொடுத்தார். லண்டனில் முஸ்லிம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நிறுவினார். இருபது ஆண்டுகளுக்கு மேல் கடந்தபின் அவருடைய மகன் ஒரு கித்தாரை வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஒருநாள் ஃபஜ்ர் தொழுகைக்குப் பின் அது கண்ணில் பட, கையில் எடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 2006இல் மீண்டும் பாடல் தொகுப்பு வெளியிட்டார். விட்டதும் அல்லாஹ்வுக்காக, எடுத்ததும் ஆய்ந்த பிறகு. அவரை நம் ஹஜ்ரத் ஏற்கமாட்டார். ஆனாலும் இந்தக் கதையை அவரிடம் சொன்னபோது இறுதிவரை கேட்டார்.

கொட்டகைக்கு எதிரான முதல் முறையீடு பள்ளிவாசலிலிருந்து வரவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். அடுத்த வரிசை வீட்டில் ஒடிசாவைச் சேர்ந்த தொழிலாளர்கள் ஓர் அறைக்கு ஆறு பேராகத் தங்கியிருக்கிறார்கள். இரவுப்பணி முடித்துக் காலையில் வந்து பகலெல்லாம் தூங்குபவர்கள். அவர்களில் ஒருவர் ஞாயிறு நண்பகலில் சிவந்த கண்களோடு வந்து, இரு கைகளையும் கன்னத்தில் வைத்துக் காட்டிவிட்டுப் போனார். வேறு எதுவும் பேசவில்லை. அண்டை வீட்டாருக்கு உரிய கடமையைப் பற்றி நாங்கள் மகனுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். அந்தச் சைகை ஒன்றே வேலையை முடித்தது. பழைய மெத்தைகளைச் சுவரில் தொங்கவிட்டார்கள். முட்டை அட்டைகளை ஒட்டிப் பார்த்தார்கள். அவை எதிரொலியைச் சற்றுக் குறைத்தனவே தவிர வெளியே போகும் ஓசையைத் தடுக்கவில்லை. டிரம்ஸ் மீது துண்டு விரித்தார்கள். நேரத்தையும் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் மாற்றிக்கொண்டார்கள். இப்போது அந்த ஒடிசாக்காரர் வேலைக்குக் கிளம்பும் முன் வாசலில் நின்று பார்க்கிறார். எவ்வளவு கிடைக்கும் என்று விரல்களைத் தேய்த்துக் கேட்டதற்கு, ஒன்றுமில்லை என்று பையன்கள் கைவிரித்தார்கள். அவர் சிரித்துவிட்டார். எங்களுக்கும் சிரிப்பு வந்தது.

அண்மையில் ஓர் ஆர்கெஸ்ட்ரா நடத்துபவர் வீட்டுக்கே வந்து, திருவிழாக் காலத்தில் கித்தார் வாசிக்க மகனைக் கேட்டார். ஓர் இரவுக்கு அவர் சொன்ன தொகை நல்ல தொகைதான். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வருமானம் என்னவென்று கேட்ட தந்தை அருகில்தான் இருந்தார். மகன் மறுத்தான். காசு வாங்கினால் அவர்கள் சொன்னதைத்தான் வாசிக்க வேண்டும், இஷா தொழுகையும் மேடையில் போய்விடும் என்றான். தாயும் தந்தையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம், எதுவும் சொல்லவில்லை.

இப்போது நால்வரும் சொந்தமாக ஒரு பாடல் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அதிகாலையில் கும்மிடிப்பூண்டியிலிருந்து புறப்படும் மின்ரயிலைப் பற்றியது. தூங்கி வழியும் பயணிகளும், பொன்னேரியில் ஏறும் மீன்கூடைகளும் அதில் வருகின்றன. தாளை எங்களிடம் கொண்டுவந்து காட்டினான். ஆறாவது வரியில் ஒரு சொல் வீட்டில் பேசும் சொல்லன்று. மாற்றிவிடு என்று அவன் அம்மா சொல்லியிருக்கிறாள். அந்த இடத்தில் பொருந்துகிற வேறு சொல்லைத் தேடிக்கொண்டிருப்பதாகச் சொல்கிறான். மூன்று வாரமாகிறது.