கொண்டை வெளுத்த கோழி

கோழிக்கு உடம்பு முடியவில்லை என்பதை முதலில் காட்டிக் கொடுப்பது அதன் கொண்டைதான். முட்டையிடும் கோழிக்கு அது செம்பருத்திப் பூ மாதிரி சிவந்திருக்க வேண்டும். எங்கள் செவப்பிக்கு அது வெளுத்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.

மங்காஃபில் நாங்கள் இருப்பது ஒரு குவைத்தி வீட்டின் கீழ்ப்பகுதி. பின்னால் ஹோஷில் ஒரு மூலையை வீட்டுக்காரம்மா எங்களுக்கு விட்டுக் கொடுத்திருந்தார். அல் ராய் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கிய மூன்று கோழிகளும் ஒரு பழைய மரக்கூண்டும்தான் அங்கே. பெயர் வைத்தது, தீனி போடுவது, முட்டை எடுப்பது எல்லாம் ஒன்பது வயது மகள். செவப்பி நான்கு நாளாக முட்டையிடவில்லை. தூக்கிப் பார்த்தால் நெஞ்செலும்பு கத்தி மாதிரி கையில் குத்தியது. பொழுது சாய்ந்தும் கூண்டுக்குள் போகாமல் குழாயடியிலேயே குந்தியிருந்தாள்.

புதுக்கோட்டைப் பக்கம் கிராமத்தில் இருக்கும் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டோம்.

"கொண்டையக் காட்டு ராசா. ஐயோ, வெளுத்துப் போச்சே. கூண்டுக்குள்ள அடைய மாட்டேங்குதா?"

"ஆமாம்மா."

"அப்ப செள்ளுதான். ராத்திரி பத்து மணிக்கு மேல டார்ச் அடிச்சுப் பாரு. பகல்ல கண்ணுல படாது."

அன்றிரவு வெள்ளை டிஷ்யூ பேப்பரால் கூண்டுக்குள் இருந்த குச்சியின் அடிப்பக்கத்தைத் துடைத்தோம். பேப்பரில் சிவப்புக் கோடுகள் இழுத்தன. கோழியின் ரத்தம்.

"வாம்பையராப்பா?" என்றாள் மகள். கிட்டத்தட்ட அதேதான். இந்தச் செள்ளு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. பசித்திருக்கும்போது சாம்பல் நிறம், குடித்த பிறகு சிவப்பு. பகலெல்லாம் மர இடுக்கில் ஒளிந்திருக்கும். இரவில் கோழி மேல் ஏறிக் குடித்துவிட்டுத் திரும்ப இடுக்குக்கே போய்விடும். அதனால்தான் பகலில் இறகை விலக்கிப் பார்த்தால் ஒன்றுமே தெரிவதில்லை. கோழி கூண்டுக்குப் பயப்படுவதும் அதனால்தான்.

"செவப்பி செத்துப் போயிடுமா?"

இதற்குப் பொய் சொல்ல எனக்கு மனமில்லை. "போகலாம்டா. ரத்தம் ரொம்பக் குறைஞ்சிருக்கு. ஆனா இன்னைக்கு ராத்திரி அதை யாரும் கடிக்காம நாம பாத்துக்கலாம்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அட்டைப்பெட்டி தேடப் போனாள்.

பெட்டியில் செய்தித்தாள் விரித்துச் செவப்பியை வீட்டுக்குள் காற்றோட்டமான இடத்தில், ஏசி நேராக அடிக்காத மூலையில் வைத்தோம். மறுநாள் கால்நடை மருத்துவர் எடை பார்த்து, கழுத்துத் தோலில் சொட்டு மருந்து விட்டார். எத்தனை நாள் முட்டையைச் சாப்பிடக்கூடாது என்றும் சொன்னார். நாய், பூனைக்கு வாங்கி வைத்த மருந்தை நாமாகக் கோழிக்குப் போடக்கூடாது. அளவு கொஞ்சம் கூடினாலும் ஆபத்து.

தண்ணீரை வாய்க்குள் ஊற்றவும் கூடாது. கோழிக்கு நாக்கின் அடியிலேயே மூச்சுக்குழாய் திறந்திருக்கும், தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போய்விடும். சொட்டுக் குழாயால் அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்தால் தானே சப்பிக்கொள்ளும். இந்த வேலையை மகள் எடுத்துக்கொண்டாள். ஊறவைத்த தீனி, அவித்த முட்டையின் மஞ்சள் கரு, பொடியாக நறுக்கிய முருங்கைக்கீரை எல்லாம் ஒவ்வொரு சிட்டிகை, நாளைக்கு ஐந்தாறு முறை. முதல் இரண்டு நாள் பாதியைத் துப்பியது. மூன்றாம் நாள் அவள் விரலையே கொத்தியது. "அப்பா, கொத்துது!" என்று அவள் போட்ட சத்தத்தில் வீட்டுக்காரம்மாவே எட்டிப் பார்த்தார்.

கோழியைக் கவனிப்பது பாதி வேலைதான். நோய் இருந்தது கூண்டில். வைக்கோலையெல்லாம் கறுப்புப் பையில் கட்டி வெயிலில் போட்டோம். 45 டிகிரிக்கு மேல் செள்ளு தாங்காது, குவைத் வெயிலில் அந்தப் பைக்குள் அதைவிடச் சூடு ஏறும். மர இடுக்குகளில் கொதிநீர் ஊற்றினோம். குச்சியின் இரு முனையும் சொருகியிருக்கும் துளைகள்தான் அவற்றின் பெரிய கூடு. முட்டையிலிருந்து வளர்ந்த செள்ளாக ஒரு வாரம் போதும், அதனால் ஒருமுறை செய்துவிட்டு விடக்கூடாது. வாரம் ஒருமுறையாக மூன்று முறை செய்தோம். "லீவுக்கு ஊருக்குப் போறப்ப கூண்டைக் காலியா போட்டுட்டா பட்டினியில செத்துடாதா?" என்று மனைவி கேட்டாள். சாகாது. ரத்தமே இல்லாமல் பல மாதம் உயிரோடு கிடக்கும்.

கோழி புரள்வதற்கு மணலும் விறகுச் சாம்பலும் கலந்து வைக்கச் சொன்னார் அம்மா. சாம்பல் காய்ந்ததாக இருக்க வேண்டும், நனைந்தால் தோலைப் புண்ணாக்கும். ஸ்பிரே ஊற்றிப் பற்றவைத்த பார்பெக்யூ கரிச் சாம்பல் ஆகாது.

மூன்றாவது வாரம் கொண்டையில் இளஞ்சிவப்பு ஏறியது. தினமும் காலையில் அதைப் படம் எடுத்து அப்பத்தாவுக்கு அனுப்புவது மகளின் வேலையாகிவிட்டது. "இன்னும் செவக்கணும் ஆத்தா, கீரை போடு" என்று பதில் வரும். வழக்கமாக "நல்லாயிருக்கியா, சாப்டியா" என்பதோடு முடிந்துவிடும் பேச்சு, இப்போது அரைமணி நேரம் போகிறது. செள்ளு, பஞ்சாரம், அடைக்கோழி என்று அவள் நோட்டில் புதுச் சொற்கள். அப்பத்தாவுக்குத் தெரிந்ததைக் கேட்க அவளுக்கு உண்மையான ஒரு தேவை வந்திருந்தது.

கோழியே இல்லாத ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கும் இது உதவும். ஏசி வெளி யூனிட்டில் கூடு கட்டும் புறாக்களிடமும் இதே செள்ளு உண்டு. குஞ்சுகள் பறந்து போனதும் பசியில் வீட்டுக்குள் வந்து ஆட்களைக் கடிக்கும். நம் மேல் குடியிருக்காது, ஆனால் நன்றாக அரிக்கும். மருந்து தடவினால் அரிப்பு அடங்கும், கூட்டை அகற்றிச் சுத்தம் செய்தால்தான் கடி நிற்கும்.

போன வாரம் மகளின் தோழி கையெல்லாம் தடிப்போடு பள்ளிக்கு வந்திருக்கிறாள். "உங்க ஏசி மேல புறாக்கூடு இருக்கான்னு பாரு. ராத்திரி டிஷ்யூ வச்சுத் துடைச்சுப் பாரு" என்று சொல்லி அனுப்பினாளாம் இவள். மறுநாள் அந்தப் பிள்ளையின் அம்மா எனக்குப் போன் செய்தார். கூடு இருந்ததாம்.