ஒரு பியானோவின் கூலி

பி.எஸ்ஸி. (இயற்பியல்), இரண்டாம் ஆண்டு மாணவன்

“தூக்கி வைக்கிற வேலைதானே, அதற்கு இவ்வளவு கூலியா?” இந்தக் கேள்வியை ஒருமுறையேனும் கேட்காதவர்கள் நம்மில் மிகச் சிலரே. நானும் கேட்டிருக்கிறேன். கேட்டது வேறு யாரிடமும் அல்ல. என்னைப் பெற்ற தந்தையிடம். அதன் விலையை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

என் தந்தை திருச்சி காந்தி மார்க்கெட்டில் சுமை தூக்கும் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். விடுமுறை நாட்களில் வரவு செலவு எழுதவும் தொலைபேசியில் பேசவும் அப்பா என்னை உடன் அழைத்துச் செல்வார். “தம்பி படிச்சவன், அவன் பேசட்டும்” என்று கூட்டாளிகளிடம் சொல்வதில் அவருக்கு ஒரு பெருமை.

கடந்த ஆண்டு ஐப்பசியில் ஒரு புது வேலை வந்தது. நாகப்பட்டினத்தில் இருந்த ரயில்வே பணிமனை 1928ஆம் ஆண்டில் பொன்மலைக்கு வந்தது. அங்கே பணிபுரிந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பலவற்றின் வீடுகளில் பியானோ இருந்ததுண்டு. அப்படி ஒரு குடும்பத்தைச் சேர்ந்த மூதாட்டி, தம் வீட்டுப் பியானோவை நகருக்குள் இருந்த ஒரு பள்ளிக்குக் கொடுத்துவிட விரும்பினார். வெளியூரிலிருந்து வந்திருந்த அவருடைய உறவினர் ஒருவர், இதற்கென்றே உள்ள ஒரு நிறுவனத்தை முதலில் விசாரித்தார். சென்னையிலிருந்து ஆட்கள் வர வேண்டும், பொதிந்து கட்ட வேண்டும், சேதக் காப்பீடும் உண்டு என்று சொல்லி 18,000 ரூபாய் கேட்டார்களாம். அதன் பிறகே அப்பாவைத் தேடி வந்தார்.

அப்பா அந்தப் பியானோவைச் சுற்றிச் சுற்றி வந்தார். பின்பக்கம் கையை வைத்து மெல்ல அசைத்துப் பார்த்தார். வாசற்படியை எண்ணினார். “ஆறாயிரம் ஆகும் சார்” என்றார்.

“நாலைந்து கிலோமீட்டர்கூட இல்லையே! தூக்கி ஏற்றி இறக்குவதற்கு ஆறாயிரமா?” என்றார் அவர். அப்பா பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தார். நான் பேசியிருக்க வேண்டும். பேசவும் செய்தேன், அவர் பக்கமாக! நல்ல ஆங்கிலம் பேசும் அந்த மனிதர் முன்னால் என் தந்தை பேராசைக்காரராகத் தெரிந்துவிடக் கூடாதே என்று எனக்கு ஒரு கூச்சம். “குறைத்துக்கொள்ளுங்கள் அப்பா, தூக்கி வைக்கிற வேலைதானே” என்றேன். அப்பா சிறிது நேரம் தரையைப் பார்த்தார். நாலாயிரத்து ஐந்நூறுக்கு ஒப்புக்கொண்டார்.

மறுநாள்தான் அது வெறுமனே தூக்கி வைக்கிற வேலையன்று என்பதைக் கண்டேன்.

பியானோ ஒரு மரப்பெட்டி அன்று. ஏறக்குறைய 230 எஃகுக் கம்பிகள் அதற்குள் முறுக்கிக் கட்டப்பட்டிருக்கின்றன. அவை எல்லாம் சேர்ந்து இழுக்கும் விசை 15 டன்னுக்கும் மேல். அதைத் தாங்க உள்ளே வார்ப்பிரும்புச் சட்டம் இருக்கிறது. சுவரோரம் நிற்கும் பியானோவே 200 முதல் 300 கிலோ வரை இருக்கும். இரும்புச் சட்டம் பின்பக்கத்தில் இருப்பதால் ஈர்ப்பு மையமும் பின்னால் தள்ளி அமைகிறது. கொஞ்சம் அசந்தால் மல்லாந்துவிடும். வார்ப்பிரும்பு பாரத்தைப் பொறுக்கும், அதிர்ச்சியைப் பொறுக்காது. ஒருமுறை தடாலென்று விழுந்தால் சட்டம் விரிசல் விடலாம். அதற்குப் பின் அது பாடுவது அரிது.

இவற்றையெல்லாம் நான் நூலகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். அப்பா கையால் அசைத்துப் பார்த்தே அறிந்திருந்தார். “கீழே இருக்கிற சக்கரத்தை நம்பாதீங்கடா, அது அறைக்குள்ள நகத்தத்தான்” என்றார். கட்டைகள் மேல் மூடியைச் சாத்திக் கயிற்றால் கட்டினார். கோணியையும் பழைய ஜமுக்காளத்தையும் சுற்றினார். வாசலில் மூன்று படிகள். மொத்த உயரம் ஒன்றரை அடி. ஒன்பது அடிப் பலகைகளைச் சாய்த்துப் போட்டார். நான் மனத்துக்குள் கணக்குப் போட்டேன். ஒன்றரைக்கு ஒன்பது, ஆறில் ஒரு பங்கு. உராய்வை விட்டுவிட்டால், 250 கிலோ எடையைப் பிடித்து இறக்க 42 கிலோ எடைக்கு ஈடான இழுப்புப் போதும். சாய்தளம் பற்றி நான் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதிய விடை அங்கே என் கண் முன்னால் இறங்கிக்கொண்டிருந்தது. பியானோ பூப்போலக் குட்டியானை வண்டியில் ஏறி உட்கார்ந்தது.

பள்ளியில்தான் விபரீதம் நேர்ந்தது. மழைத் தூறலில் தாழ்வாரம் நனைந்திருந்தது. ஏற்றும்போது ஒரு பலகை வழுக்கியது. பியானோ பின்னால் சாய்ந்தது. அந்த மூலையில் ஓர் ஆள் நின்றிருக்க வேண்டும், இல்லை. அப்பா பாய்ந்து தம் தோளைக் கொடுத்தார். நானும் ஓடிப்போய்ப் பிடித்தேன். ஒரு நிமிடம் யாரும் மூச்சு விடவில்லை. பிறகு ஒருவாறு நிமிர்த்தி உள்ளே கொண்டு போனோம்.

உறையைப் பிரித்ததும், உடன் வந்திருந்த மூதாட்டி நடுங்கும் விரலால் ஒரு கட்டையை அழுத்தினார். மணி போன்ற ஓசை எழுந்தது. “கீறல்கூட இல்லை” என்று உறவினர் மகிழ்ந்து கைகொடுத்தார். அப்பா இடக்கையை நீட்டினார். வலக்கையை அவரால் தூக்க முடியவில்லை.

அன்றிரவு கணக்கு நோட்டை எடுத்தேன். அப்பா கேட்ட ஆறாயிரத்தில் வண்டிக்கு 1,400, நான்கு ஆட்களுக்குத் தலைக்கு 800 வீதம் 3,200, அப்பாவுக்கு 800, பலகைக்கும் புதுக் கயிற்றுக்கும் 600. இதில் கொள்ளை எங்கே இருக்கிறது? நாலாயிரத்து ஐந்நூறு ஆனபோது அவர் கூட்டாளிகளின் கூலியில் கை வைக்கவில்லை. ஓர் ஆளைக் குறைத்தார். புதுக் கயிறு வாங்கவில்லை. தமக்கு 400 மட்டும் வைத்துக்கொண்டார். தாழ்வாரத்தின் மூலையில் இல்லாமற்போன அந்த நான்காவது ஆளை நீக்கியது யார்? என் நாக்கு அல்லவா?

அப்பா நான்கு நாட்கள் மார்க்கெட்டுக்குப் போகவில்லை. போன கூலி 3,200. ஊசிக்கும் மருந்துக்கும் 350. ஆக, அந்த வேலையின் உண்மையான செலவு 8,050 ரூபாய். 4,500ஐ அவர்கள் கொடுத்தார்கள். மிச்சத்தை அப்பாவின் தோள் கொடுத்தது. அந்த நிறுவனம் கேட்ட 18,000 ரூபாயில் பியானோவுக்குக் காப்பீடு இருந்தது. அப்பா கேட்ட ஆறாயிரத்தில் அவர் தோளுக்கு ஒரு காசுகூட இல்லை.

நான் தயங்கித் தயங்கி, “என்னால்தான் அப்பா” என்றேன். “விடு தம்பி, நீ படிக்கிற பிள்ளை, உனக்கு என்ன தெரியும்” என்றார். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அது பிரம்படி போலப் பட்டது.

உடலுழைப்புத் தொழிலாளர்களுக்காக நம் மாநிலத்தில் 1982ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. நல வாரியமும் இருக்கிறது. அப்பாவின் உறுப்பினர் அட்டை புதுப்பிக்கப்படாமல் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்தது. அதைத் தேடியெடுத்து, படிவம் நிரப்பி, புதுப்பித்து வந்தேன். இந்த வீட்டில் என் படிப்பு செய்த முதல் வேலை அதுதான்.

தை மாதத்தில் ஒரு கடையின் இரும்புப் பெட்டகத்தை மாடிக்கு ஏற்றும் வேலை வந்தது. இம்முறை முந்தின நாளே அப்பாவிடம் கேட்டுக் கேட்டு ஒரு தாளில் எழுதினேன். வண்டி, ஆட்கள், கயிறு, பலகை. கடைசியில் ‘அடிபட்டால் வைத்தியச் செலவு, ஓய்வுநாள் கூலி’ என்று ஒரு வரி சேர்த்தேன்.

அப்பா சிரித்தார். “இதையெல்லாம் எவன் தருவான் தம்பி?”

“கேட்டுப் பார்ப்போம் அப்பா. இந்தத் தடவை நான் உங்கள் பக்கம் பேசுகிறேன்” என்றேன்.

கடைக்காரர் அந்த வரியைப் படித்துவிட்டு வெகுநேரம் யோசித்தார். முழுவதும் ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் ஆளைக் குறைக்கச் சொல்லவும் இல்லை.

நண்பர்களே, நாளை நாம் பட்டம் பெற்று மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரும் நாள் வரும். நம் வீட்டுச் சுமையை யாரோ ஒருவர் தூக்கப்போகிறார். அவர் கூலி கேட்கும்போது, குறைக்கச் சொல்லும் முன், அந்தத் தொகையில் எந்த மூலையில் எந்த ஆள் நிற்கிறார் என்று ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள்.