திறந்த முனை

குழலின் வாய் வழியே ஒலி வெளியேறிவிடுகிறது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறோம். கவிதைகளிலும் அப்படித்தான் எழுதிவருகிறோம். உண்மையில் ஒலியின் பெரும்பகுதி திறந்த முனைவரை போய்த் திரும்பிவிடுகிறது. திரும்புவதால்தான் நாதம்.

சுவரில் மோதித் திரும்புவது புரிகிறது. ஒன்றுமில்லாத இடத்திலிருந்து எப்படித் திரும்பும்? ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு வங்கியில் கணக்கெழுதுகிற எனக்குச் சில மாதங்களாக இந்தக் கேள்வி உபத்திரவமாக இருந்தது. விடை எளிமையானது. குழாய்க்குள் ஓர் அழுத்தம் முனையை நோக்கிப் போகிறது. உள்ளே இருக்கும்வரை சுவர்கள் அதை நெருக்கிப் பிடித்திருக்கின்றன. வாயை அடைந்ததும் பிடிப்பு விட்டுப்போய்க் காற்று எல்லாப் பக்கமும் விரிகிறது. வந்த வேகத்தில் கொஞ்சம் அதிகமாகவே வெளியேறிவிடுகிறது. அதனால் பின்னால் ஒரு தளர்வு உண்டாகி, அது உள்ளே திரும்பி வருகிறது. மூடிய முனையில் அழுத்தம் அழுத்தமாகவே திரும்பும். திறந்த முனையில் அதன் மறுதலை திரும்புகிறது.

இதைக் காதால் அறிய ஆய்வுக்கூடம் வேண்டாம். வீட்டில் குழாய் வேலை நடந்தபோது மிஞ்சிய பிவிசி துண்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. நீளம் 50 சென்டிமீட்டர், உள்விட்டம் 2. ஒரு வாயை உள்ளங்கையால் அறைந்து கையை அப்படியே வைத்தால் ஒரு சுரம். அறைந்த கணமே கையை எடுத்துவிட்டால் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி மேலே. கை மூடியிருக்கும்போது ஒற்றைப்படை மேற்சுரங்கள் மட்டுமே ஒலிக்கின்றன; இரட்டைப்படைக்கு அங்கே இடமில்லை.

இரு முனையும் திறந்த இந்தக் குழாய் கணக்குப்படி நொடிக்கு 350 அதிர்வு தரவேண்டும், நம்மூர் வெயிலில் ஒலி ஏறக்குறைய 350 மீட்டர் வேகத்தில் போவதால். தருவது சுமார் 342. ஒலிக்குக் குழாய் இன்னும் கொஞ்சம் நீளம். ஒவ்வொரு முனையிலும் ஆரத்தில் சுமார் 0.6 பங்கு வெளியே நீள்கிறது. இதை முனைத் திருத்தம் என்கிறார்கள். சுவர் மிக மெல்லிய குழாய்க்கு லெவினும் ஷ்விங்கரும் 1948இல் துல்லியமாகக் கணக்கிட்டார்கள்: 0.6133. ஷ்விங்கர் 1965இல் நோபல் பரிசு பெற்ற அதே ஷ்விங்கர்தான். நாகஸ்வரம் செய்பவர்களுக்கு இது கைப்பழக்கமாகவே தெரியும். அடிப்பகுதியில் விரல் படாத துளைகள் சிலவற்றை விட்டு, மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதியைச் சரிசெய்கிறார்கள். மரம் முடிகிற இடத்தில் நாதம் முடிவதில்லை என்பது அவர்களுடைய தொழில்.

‘எழுத்து’ 1959இல் தொடங்கிய நாளிலிருந்து புதுக்கவிதை பற்றி நடந்த சச்சரவை இப்போது இப்படிப் பார்க்கத் தோன்றுகிறது. யாப்பு என்ற சுவர் போனால் ஓசை எதில் மோதித் திரும்பும் என்று கேட்டார்கள். சுதந்திரம் என்று பதில் சொன்னோம். திறப்பு என்றால் எல்லை இல்லை என்பதை இரு தரப்பும் ஒப்புக்கொண்டே சண்டை போட்டிருக்கின்றன. நல்ல கவிதையில் வரி முறிகிற இடம் திறந்த முனை. சொல் வெளியே போகிறது, அதன் மறுதலை உள்ளே வருகிறது. அச்சானதைவிட வரி சற்று நீளமாக இருக்கிறது. ஆனால் முனைவரை கொண்டுபோக இரு பக்கமும் சுவர் வேண்டும். வெறும் ஓட்டை குழலாகாது. இன்று வருகிற கவிதைகளில் பல வெறும் ஓட்டைகள்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒலி முழுவதும் திரும்பிவிட்டால் வெளியே நிற்பவனுக்கு ஒன்றும் கேட்காது. நாம் கேட்பதெல்லாம் திரும்பாமல் கசிந்த சொற்பம். முழுவதும் போய்விட்டாலோ சுரமே நிற்காது. வாய் அலைநீளத்துக்கு நிகராக அகன்றுவிட்டால் அதுதான் நேர்கிறது. வெகுஜனப் பத்திரிகைகளைப் பற்றி நாம் சொல்லிவந்த குறையும் ஏறக்குறைய இதுதான். நம்முடைய குறையை யார் சொல்வது? ஒருவர் கவிதைக்கு மற்றவர் விமர்சனம், அதற்கு அவர் மறுப்பு. உள்ளே முழக்கம் பலமாகத்தான் இருக்கிறது. சில நூறு பிரதிகள்தான் அச்சாகின்றன என்பதில் எனக்கு வெட்கமில்லை, கசிவு சிறியதாகவே இருக்கட்டும். ஒரு பக்கத்தில் நம் உள்ளங்கையையே வைத்து மூடிக்கொண்டிருக்கிறோமோ என்பதுதான் சந்தேகம். அப்படி மூடிய குழாய்க்கும் ஒரு சுரம் உண்டு. அதைக் கேட்டுக்கொண்டிருப்பவனுக்கு, பாதி மேற்சுரங்கள் இல்லாதது தெரிவதில்லை.