கீழ்ப்படிதல் என்ற சொல்

எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம் கிறிஸ்தவக் கல்யாணங்களுக்குப் போய்ப் பழகியவர்களுக்குத் தெரிந்ததுதான். மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று வரும் பகுதி. திருநெல்வேலிப் பக்கத்துப் புரொட்டஸ்டண்ட் குடும்பத்தில் பிறந்த எனக்கு அது கேட்டுக் கேட்டு அர்த்தம் தேய்ந்துபோன ஒன்று. யாரோ ஒருவர் யாருக்கோ எழுதிய எழுத்து என்ற பிரக்ஞையோடு அதைத் திரும்ப எடுத்து வாசிக்க வைத்தது அமெரிக்காவின் மிகப் பெரிய புரொட்டஸ்டண்ட் அமைப்பான சதர்ன் பாப்டிஸ்ட் கன்வென்ஷனில் நடந்தவை.

முதலில் அந்தப் பகுதி. அது மூன்று ஜோடிகளைப் பற்றிப் பேசுகிறது: மனைவி-கணவன், பிள்ளை-பெற்றோர், அடிமை-எஜமான். கிரேக்கத்தில் மனைவிக்கு ஒரு வினைச்சொல், பிள்ளைக்கும் அடிமைக்கும் வேறொரு வினைச்சொல். முதலாவது வரிசையில் கீழே நிறுத்தப்படுவதைக் குறிப்பது; இரண்டாவது, சொல் கேட்டு நடப்பதை. நம் பழைய தமிழ் வேதாகமம் மூவருக்கும் கீழ்ப்படிதல் என்ற ஒரே சொல்லைப் போட்டுவிட்டது. அடிமையை மட்டும் வேலைக்காரர் ஆக்கிக் காப்பாற்றியிருக்கிறது. இன்னொரு விஷயமும் உண்டு. மிகப் பழைய கிரேக்கச் சுவடிகள் சிலவற்றில் மனைவியைப் பற்றிய வசனத்தில் வினைச்சொல்லே கிடையாது. முந்திய வசனத்திலிருந்து அதைக் கடன் வாங்கித்தான் வாக்கியத்தை முடிக்க வேண்டும். முந்திய வசனமோ எல்லோரும் ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்வது. அச்சிட்ட வேதாகமங்கள் பலவற்றில் இந்த இரண்டு வசனங்களுக்கும் நடுவே ஒரு தலைப்பு குறுக்கே நிற்கும். கடன் கொடுத்த வசனம் மேலே தங்கிவிடும், கட்டளை மட்டும் கீழே இறங்கி வரும்.

சதர்ன் பாப்டிஸ்டுகளின் சரித்திரத்தை இந்த ஒரு பகுதியை வைத்தே சொல்லிவிடலாம். 1845-ல் ஜார்ஜியாவின் அகஸ்டாவில் அவர்கள் தனி அமைப்பாகப் பிரிந்ததற்குக் காரணம் அடிமை வைத்திருப்பவர் மிஷனரியாகலாமா என்ற சண்டை. ஆகலாம் என்றவர்கள் தெற்கத்தியர். அடிமைகளைப் பற்றிய வசனம் அன்று அவர்கள் கையில் இருந்தது. நூற்றைம்பது வருஷம் கழித்து 1995-ல் அதற்காக மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் போட்டார்கள். மூன்றே வருஷத்தில், 1998-ல், மனைவி கணவனின் தலைமைக்கு இணக்கமாகக் கீழ்ப்படிய வேண்டும் என்பதைத் தங்கள் விசுவாசப் பிரகடனத்தில் சேர்த்தார்கள். 2000-ல் போதகர் பதவி ஆண்களுக்கு மட்டுமே என்று எழுதினார்கள். ஒரே பகுதியின் கடைசி ஜோடிக்கு மன்னிப்பு, முதல் ஜோடிக்குச் சட்டம். காலத்துக்குக் கட்டுப்பட்டது எது, நித்தியமானது எது என்று பிரித்தவர்கள் யார் என்று கேட்டால், இரண்டு தடவையும் எஜமான் ஸ்தானத்தில் இருந்தவர்கள்தான்.

இந்தத் திசைக்கு அமைப்பைத் திருப்பியவர்களில் முக்கியமானவர் பெய்ஜ் பேட்டர்சன். 1979-ல் தொடங்கிய பழமைவாதக் கைப்பற்றலின் சூத்திரதாரிகளில் ஒருவர், பின்பு பெரிய இறையியல் கல்லூரிகளின் தலைவர். 2000-ல் அவர் பேசிய ஒரு ஒலிப்பதிவு 2018-ல் பரவியது. கணவனிடம் அடிபடும் ஒரு பெண்ணை, இரவில் அவன் தூங்கப்போகும் வேளையில் கட்டிலருகே மண்டியிட்டு ஜெபிக்கும்படி அவர் சொல்லியனுப்புகிறார். அடி அதிகமாகலாம் என்றும் எச்சரிக்கிறார். அந்தப் பெண் இரண்டு கண்களும் கன்றிப்போய் சபைக்கு வந்து, இப்போது உமக்குச் சந்தோஷம்தானே என்று கேட்கிறாள். ஆமாம், சந்தோஷம் என்கிறார். அவளுடைய கணவன் அன்றைக்கு முதல் தடவையாகக் கோயிலுக்கு வந்து பின்னால் நிற்கிறான். அவன் ஆத்துமா கிடைத்துவிட்டது. பேட்டர்சன் இதைச் சொன்னது தன் வெற்றிக் கதையாக.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. என் பெரியம்மா ஒருத்தி இதே காரியமாக எங்கள் ஊர் ஐயர் வீட்டுக்குப் போய்த் திரும்பியவள். "பொறுமையா இரும்மா, ஜெபம் பண்ணு, உன் பொறுமையே அவரை மாத்தும்" என்று அனுப்பிவைத்தார் ஐயர். கெட்ட மனிதர் இல்லை. ஐயரம்மா காப்பி கொடுத்தாளாம். பெரியப்பா மாறவில்லை. மாறாததற்கும் பெரியம்மாவின் ஜெபத்தில்தான் குறை கண்டுபிடிக்கப்பட்டது. அந்த ஐயரும் அமெரிக்கப் போதகரும் ஒருவரையொருவர் கேள்விப்பட்டதில்லை. ஆனால் இரண்டு பேரிடமும் கணக்கு ஒன்றே: ஆணின் ஆத்துமாவுக்குப் பெண்ணின் உடம்பு விலை. கொடுப்பவளிடம் விலை கேட்பதில்லை.

ஆனால் தனி ஒரு போதகரின் மனத்தைவிட ஸ்தாபனத்தின் நடத்தைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2019 பிப்ரவரியில் ஹூஸ்டன் கிரானிகிள், சான் அன்டோனியோ எக்ஸ்பிரஸ்-நியூஸ் என்ற இரண்டு பத்திரிகைகள் சேர்ந்து வெளியிட்டன: இருபது வருஷங்களில் சுமார் 380 சதர்ன் பாப்டிஸ்ட் ஊழியர்கள், பொறுப்பாளர்கள் மேல் பாலியல் குற்றச்சாட்டு, பாதிக்கப்பட்டவர்கள் 700-க்கும் மேல். சுமார் 220 பேர் தண்டிக்கப்பட்டோ குற்றத்தை ஒப்பி உடன்பட்டோ இருந்தார்கள். ஒரு ஊரில் பிடிபட்டவர் இன்னொரு ஊரில் போதகராவது சுலபமாக இருந்தது. ஒவ்வொரு சபையும் சுயாதீனமானது, தன் போதகரைத் தானே அமர்த்திக்கொள்வது, மேலே பிஷப் கிடையாது என்பது பாப்டிஸ்டுகளின் பெருமை. பதினாறு வயதில் தன் சபை ஊழியர் ஒருவரால் சீரழிக்கப்பட்ட கிறிஸ்டா பிரௌன் போன்றவர்கள், குற்றவாளிகளின் பெயர்ப் பட்டியலாவது வையுங்கள் என்று வருஷக்கணக்கில் கேட்டார்கள். 2008-ல் நிர்வாகக் குழு மறுத்தது. சபைகளின் சுயாதீனத்தில் நாங்கள் கைவைக்க முடியாது என்பது பதில்.

2022 மே மாதம் கைட்போஸ்ட் என்ற நிறுவனத்தின் விசாரணை அறிக்கை, 288 பக்கம், வெளிவந்தது. பட்டியல் வைக்க முடியாது என்ற அந்த அலுவலகத்திலேயே ஒரு பட்டியல் இருந்திருக்கிறது. 2007-லிருந்து ஊழியர் ஒருவர் சேர்த்துவந்தது. 703 பெயர்கள். அதில் 409 பேர் ஏதோ ஒரு காலத்தில் சதர்ன் பாப்டிஸ்ட் சபைகளைச் சேர்ந்தவர்கள் என்று கருதப்பட்டவர்கள். அந்தப் பட்டியலைக் கொண்டு யாரும் எந்தச் சபையையும் எச்சரிக்கவில்லை. வழக்கு வந்தால் பொறுப்பு தங்கள் தலையில் விழக்கூடாது என்ற கவலைதான் மேலோங்கியிருந்தது. பாதிக்கப்பட்டவர்களின் முயற்சி சுவிசேஷ வேலையைத் திசைதிருப்பச் சாத்தான் செய்யும் சதி என்று உயர் அதிகாரி ஒருவர் கடிதத்தில் எழுதியதும் அறிக்கையில் இருக்கிறது.

எழுத்தாளர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. ஜெனிஃபர் லயல் என்பவர் அவர்களுடைய பதிப்பகத்தில் உயர்ந்த பதவியில் இருந்தவர். தனக்கு இழைக்கப்பட்ட பாலியல் கொடுமை என்று அவர் 2019-ல் எழுதிக்கொடுத்ததை அமைப்பின் செய்தி நிறுவனம் ஒழுக்கத்துக்குப் பொருந்தாத உறவு என்று மாற்றிப் பிரசுரித்தது. ஒரே ஒரு சொல் திருத்தம், பாதிக்கப்பட்டவர் உடந்தையானார். வசைகள் வந்து குவிந்தன, வேலை போயிற்று. மன்னிப்பும் நஷ்டஈடும் பின்னால் வந்தன. 2025-ல் அவர் இறந்துபோனார், 47 வயதில். பிரதியில் கைவைப்பது பற்றி நாம் எவ்வளவோ விவாதிக்கிறோம். இந்தக் கைவைப்புக்கு நிகரானதை நான் பார்த்ததில்லை.

இனி அந்தச் சுயாதீனம். 2023 ஜூனில் நியூ ஆர்லியன்ஸில் கூடிய மகாசபை, பெண்களைப் போதகர்களாக வைத்திருந்ததற்காக இரண்டு சபைகளின் நீக்கத்தை உறுதிசெய்தது. ஒன்று கலிபோர்னியாவின் பிரம்மாண்டமான சேடில்பாக். 9,437-க்கு 1,212 வாக்கு. மற்றது லூயிவில்லில் ஃபெர்ன் க்ரீக் என்ற சபை, பல பத்தாண்டுகளாக ஒரு பெண்மணியின் ஊழியத்தில் நடந்துவந்தது. சபையின் சுயாதீனம் அங்கே குறுக்கே நிற்கவில்லை. குழந்தைகளைக் கெடுத்தவன் பிரசங்க மேடைக்குப் போவதைத் தடுக்க அதிகாரமில்லாத கை, ஒரு பெண் அதில் ஏறியதும் நீண்டது. ஒரு ஸ்தாபனம் எதை நம்புகிறது என்பதை அதன் பிரகடனத்தில் தேட வேண்டியதில்லை. எதற்கு அதனிடம் அதிகாரம் கிடைக்கிறது, எதற்குக் கிடைப்பதில்லை என்று பார்த்தால் போதும்.

எதிர்வாதம் எனக்குத் தெரியும். பெண் குருமார் உள்ள சபைகளிலும் இந்தக் குற்றங்கள் நடக்கின்றன. கீழ்ப்படிதலை நம்பும் பெரும்பாலான கணவர்கள் அடிப்பவர்கள் அல்ல. நிர்வாகக் குழு விரும்பாத விசாரணையை 2021-ல் நாஷ்வில்லில் வாக்களித்து வாங்கியவர்களும் சபைகளிலிருந்து வந்த சாதாரண விசுவாசிகள்தான். எல்லாம் நிஜம். வசனம் யாரையும் கைநீட்ட வைக்கிறது என்று நான் சொல்லவில்லை. கை நீண்ட பிறகு யார் பேச்சு எடுபடும் என்பதை அது முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது. கீழே படிந்திருப்பதே புண்ணியம் என்றால், எழுந்து முறையிடுவது முதல் பாவம். அப்புறம் அவள் சொல்வது உண்மையா என்ற கேள்விக்கே இடம் வராது. அவளுடைய கசப்பு, மன்னிக்காத குணம், சபையின் ஐக்கியம், இவைதான் பேசப்படும்.

அதே விசுவாசிகள் 2022-ல் அனாஹைமில் கூடி, குற்றவாளிகளின் பகிரங்கமான பட்டியல் ஒன்று வேண்டும் என்றும் வாக்களித்தார்கள். அதற்கென்று இணையதளம் திறந்தார்கள். 2025 பிப்ரவரியில், பட்டியல் இப்போதைய முன்னுரிமை இல்லை என்று நிர்வாகக் குழு சொன்னபோது அதில் ஒரு பெயர்கூட ஏற்றப்பட்டிருக்கவில்லை.