முந்திரிக் காட்டு விருந்தாளி

ஜெயங்கொண்டத்துக்குப் போகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு ஓடிவிடுவார்கள். நானும் ஓடினேன். ராஜேந்திர சோழன் எழுப்பிய விமானத்தைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தேன். ஆனால் இங்கே கோயிலைப் பற்றிச் சொல்லப் போவதில்லை. சோழர் காலத்துச் சிவன் உருவங்களில், ஒரு கையில் மழுவும் மற்றொரு கையில் துள்ளும் மான் கன்றும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மான் ஜாதியைப் பற்றித்தான் பேச்சு.

ஜெயங்கொண்டத்துக்கு வடக்கே, ஆண்டிமடம் போகும் பக்கமெல்லாம் செம்மண், செம்மண்ணெல்லாம் முந்திரி. கிளைகள் தரையைத் தொடும் அந்தக் குடை நிழலில் உட்கார்ந்து, பழத்திலிருந்து கொட்டையைத் திருகிக்கொண்டிருந்தாள் ஓர் ஆயா.

"இங்கே மான் வருமா ஆயா?"

"வராம என்னா தம்பி? கோடையில தண்ணி தேடி வரும். போன வருசம் ஒண்ணு ஊருக்குள்ளயே வந்துடுச்சு. நாய் கடிச்சுடப் போவுதேன்னு பசங்க தொரத்திப் புடிச்சு, கட்டிப் போட்டாங்க. தண்ணி வச்சோம், தழை வச்சோம். ஒடம்புல ஒரு காயம் கெடையாது. பொழுது சாயறதுக்குள்ள செத்துப் போச்சு!"

காயமே இல்லாமல் ஏன் செத்தது? கதையே அதில்தான் இருக்கிறது.

புள்ளிமானுக்கு ஆயுதம் என்று அதிகம் கிடையாது. கொம்பு கூட ஆணுக்கு மட்டுந்தான். அதுவும் மாட்டுக் கொம்பைப் போல நிலையானதல்ல. உதிர்ந்து, வெல்வெட்டுத் துணி போர்த்தியது போன்ற தோலுக்குள் மறுபடி முளைத்து வளரும். ஆகவே ஓட்டம்தான் அதற்குக் காப்பு. ஆபத்து என்றால் வாலைத் தூக்கும், அடியிலுள்ள வெள்ளை பளிச்சிடும், கூட்டம் பறந்துவிடும். அமெரிக்காவில் வெள்ளைவால் மான் என்று ஒன்று உண்டு. அதுவும் இப்படித்தான் வாலால் பேசுகிறது. அதன் குட்டிக்கு உள்ள புள்ளிகள் சில மாதங்களில் மறைந்துவிடும். நம் மானுக்கோ ஆயுள் பரியந்தம் புள்ளிதான்!

ஓடித் தப்பவே அமைந்த அந்த உடம்பை ஓட ஓட விரட்டி, பிறகு ஓட முடியாமல் கட்டினால் என்னவாகும்? உடம்பு கொதிக்கும். தசைகள் சிதையும். அந்தச் சிதைவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தையும் இதயத்தையும் தாக்கும். சில சமயம் விடுவித்த பிறகு, இரண்டொரு நாள் கழித்தும் சாகும். தடவிக் கொடுக்கும் கை கூட அதற்குப் புலியின் கைதான்.

ஊருக்குள் மான் வந்தால் நாயைக் கட்டுங்கள். குழந்தைகளை உள்ளே அழையுங்கள். அது போக ஒரு பக்கம் வழி விடுங்கள். அடிபட்டிருந்தாலோ கிணற்றில் விழுந்திருந்தாலோ வனத்துறைக்குச் சொல்லி அனுப்புங்கள். கிணறு என்றதும் நினைவு வருகிறது: கைப்பிடிச் சுவர் இல்லாத வயற்கிணறுகள் மானுக்கு எமன். மான் நன்றாக நீந்தும். ஆனால் ஏறி வர முடியாதே!

இன்னொரு சங்கதி, தாய்மார்கள் கவனிக்க வேண்டியது. புதரடியில் மான்குட்டி தனியாகப் படுத்திருந்தால், "ஐயோ, தாயில்லாப் பிள்ளை!" என்று தூக்கி வராதீர்கள். பிறந்த புதிதில் குட்டிக்கு வாசனை மிகக் குறைவு. தாய் பக்கத்தில் நின்றால் அவளுடைய வாசனைக்கு நரியும் நாயும் வந்துவிடும். அதனால்தான் ஒளித்து வைத்துவிட்டு மேயப் போகிறாள். பால் கொடுக்க வந்து வந்து போவாள். தெரியாமல் தூக்கிவிட்டால் எடுத்த இடத்திலேயே விடுங்கள். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பதெல்லாம் வெறும் பேச்சு. வீட்டில் வளர்க்கலாமே என்றால், 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் குறுக்கே நிற்கும்.

இதையெல்லாம் ஆயாவிடமும் சொன்னேன். அவள் கை நின்றுவிட்டது.

"அப்ப நாங்கதான் கொன்னுட்டோமா தம்பி?"

"தெரியாமல் செய்தது, ஆயா" என்றேன். வேறு என்ன சொல்வது?

சற்று நேரம் அவள் பேசவில்லை. பிறகு எழுந்தாள். பழுத்து உதிர்ந்து கிடந்த முந்திரிப் பழங்களில் நல்லதாகப் பத்துப் பதினைந்தைப் பொறுக்கி, தோப்பின் கோடியில் காட்டைப் பார்த்த பக்கமாகக் கொட்டிவிட்டு வந்து, காலடியில் தூங்கிக்கொண்டிருந்த தன் நாயின் கழுத்தில் கயிற்றை மாட்டினாள்.