பேசாத பெட்டி

கண்டியில் கணினி வைத்திருப்போருக்குப் பின்னேர இடிமழையும் மின்தடையும் பழகிப்போனவை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்ட மின்வெட்டையும் பார்த்தோம். இரவுபகலாக இயங்கும் சிறு கருவிகளுக்கு இவை நல்லதல்ல.

அண்மையில் ஒரு மின்தடைக்குப் பின் என் நாஸ் பெட்டி மௌனமானது. வீட்டிலுள்ள கணினிகளுக்கெல்லாம் பொது அலுமாரியாக விளங்கும் இரட்டை வன்தட்டுப் பெட்டி அது. உள்ளே என் பத்திரிகைக் கட்டுரைகள் இருந்தன. அவை அச்சிலும் உண்டு. அச்சில் இல்லாதவை, ஹந்தானைத் தோட்டங்களில் நான் பதிவுசெய்த முதியோரின் குரல்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் உறவுகளைத் தலைமன்னார் ரயிலேற்றி அனுப்பியவர்கள் அவர்கள். பழைய பதிவுகளின் பிரதி கொழும்பில் மகளிடம் இருந்தது. கடைசி இரு மாதப் பதிவுகள் பெட்டியில் மட்டுமே. அவற்றில் பேசிய மூதாட்டி ஒருவர் இப்போது இல்லை.

ரீசெட் பொத்தானை அழுத்தச் சொன்னார் நண்பர். நான் இணங்கவில்லை. சில பெட்டிகளில் அது கடவுச்சொல்லை மட்டும் மாற்றும். சிலவற்றில் அனைத்தையும் அழித்துவிடும். வன்தட்டைக் கழற்றி விண்டோஸ் கணினியில் பொருத்துவதிலும் ஆபத்துண்டு. இப்பெட்டிகள் பெரும்பாலும் லினக்ஸ் முறையில் எழுதுபவை. விண்டோஸ் அதைப் படிக்கத் தெரியாமல், ‘ஃபோர்மட் செய்யவா?’ என்று கேட்கும். ‘ஆம்’ என்றால் கதை முடிந்தது.

எளியதிலிருந்து தொடங்குவதே முறை. முதலில் கேபிளை மாற்றினேன். அடுத்து ரூட்டரின் பட்டியலைப் பார்த்தேன். மின்சாரம் மீண்டதும் பெட்டிக்குப் புதிய ஐபி முகவரி கிடைத்திருக்கலாம் அல்லவா? பட்டியலில் பெட்டியே இல்லை. பிறகு காதை வைத்துக் கேட்டேன். ‘டக் டக்’ என்ற ஒலி வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். அது வன்தட்டின் பழுது. எனக்கு எந்த ஒலியும் கேட்கவில்லை. விளக்கு எரிந்தது, தட்டுகள் சுழலவில்லை. தளர்ந்துபோன அடாப்டர் விளக்குக்குப் போதிய மின்னோட்டம் தந்தது, தட்டுகளைச் சுழற்றத் தரவில்லை. அதே 12 வோல்ட், குறையாத ஆம்பியர் கொண்ட புதியதை மாட்டியதும் பெட்டி பேசியது.

இரு தட்டிலும் ஒன்றையே எழுதும் ரெய்டு முறை, ஒரு தட்டுப் பழுதானால் காப்பாற்றும். மின்னலோ திருட்டோ கைத்தவறோ வந்தால் இரண்டும் ஒன்றாகவே போகும். 2021 ஜூனில் உலகெங்கும் பலருடைய ‘மை புக் லைவ்’ பெட்டிகள் இணையம் வழியாகத் துடைக்கப்பட்டன. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு எரிந்தவற்றுள் வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் இருந்தன. பிரதி என்பது வேறு கூரையின் கீழ் இருப்பதுதான்.