தொங்கலில் ஒலிக்கும் மணி



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூலை மாதத்தில், வெளிப்படுத்தின விசேஷத்தில் சொல்லப்பட்ட ஏழு சபைகள் இருந்த இடங்களைக் காணத் துருக்கி தேசத்துக்குப் போகும் சிலாக்கியம் எனக்குக் கிடைத்தது. எபேசுவின் இடிபாடுகள் செல்சுக் என்னும் சிற்றூரின் அருகே இருக்கின்றன. அங்குள்ள பெரிய அரங்கசாலையின் கற்படிகளில் எங்கள் குழு அமர்ந்திருந்தது. தட்டான் தெமேத்திரியு மூட்டிய கலகத்தின்போது, ஜனங்கள் ஏறக்குறைய 2 மணி நேரம் கூச்சலிட்டார்களே, அந்த அரங்கசாலை அதுதான்.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்த அம்மையார் அந்த வரலாற்றை விளக்கிக்கொண்டிருக்கையில் அவருடைய கைப்பேசி ஒலித்தது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சற்று ஒதுங்கிப் போனார். திரும்பி வந்தபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன, முகமோ மலர்ந்திருந்தது. பல்கலைக்கழக நுழைவுத் தேர்வின் முடிவு வெளியாகியிருந்தது. மகள் எண்ணியதற்கும் மேலாக மதிப்பெண் பெற்றிருந்தாள். அந்த நேரத்தில் அவர் வாயிலிருந்து ஆங்கிலம் வரவில்லை. தம் தாய்மொழியிலேயே, "எத்தெக்லெரிம் ஸில் சலியோர்!" என்றார்.

பொருள் கேட்டோம். "என் பாவாடைத் தொங்கல்கள் மணி அடிக்கின்றன" என்றார். அவர் அணிந்திருந்ததோ நீளக் காற்சட்டை! எல்லாரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். மகிழ்ச்சியால் நிலைகொள்ளாமல் இருப்பவர் ஆணாயினும் பெண்ணாயினும் துருக்கியர் இப்படித்தான் சொல்வார்களாம். "எத்தெக்" என்றால் பாவாடை, ஆடையின் தொங்கல். மலையின் அடிவாரத்துக்கும் அதே சொல்தான். "ஸில்" என்றால் மணி. பதற்றத்தில் தவிப்பவரைக் குறித்தும் அந்தத் தொங்கலை வைத்தே ஒரு வழக்கு உண்டு: "தொங்கல் தீப்பற்றிக்கொண்டது" என்பார்களாம். "கடந்த ஒரு வாரமாக என் நிலை அதுதான். இன்றைக்குத்தான் மணி ஒலிக்கிறது" என்று சொல்லி அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

நம் தமிழிலும் மகிழ்ச்சிக்கு வழக்குகள் குறைவில்லை. உச்சி குளிர்கிறது, கால் தரையில் பாவவில்லை, தலைகால் புரியவில்லை. இவையெல்லாம் மகிழ்கிறவர் தமக்குள் உணர்வதைச் சொல்கின்றன. அந்தத் துருக்கிய வழக்கு என் உள்ளத்தில் தைத்ததற்குக் காரணம் வேறு. மணியின் ஓசை அதை அணிந்தவரோடு நின்றுவிடுவதில்லை. அடுத்திருப்பவர் காதிலும் விழுகிறது. கேட்டவர் என்ன செய்யப்போகிறார் என்ற கேள்வி அங்கே எழுகிறது.

யாத்திராகமம் 28-ஆம் அதிகாரத்தில் ஆரோனுடைய அங்கியைக் குறித்து வாசிக்கிறோம். அதன் கீழோரத்தில் பொன்மணிகளும் மாதளம்பழ வேலைப்பாடும் மாறி மாறி அமைக்கப்பட வேண்டும் என்பது தேவன் கொடுத்த கட்டளை. அவன் பரிசுத்த ஸ்தலத்துக்குள் போகும்போதும் வரும்போதும் அந்த ஓசை கேட்கப்பட வேண்டும். துருக்கியரின் வழக்குக்கும் இந்த அங்கிக்கும் தொடர்பு உண்டென்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அன்று எபேசுவில் தொங்கல், மணி என்ற சொற்களைக் கேட்டதும் என் நினைவு அந்த அதிகாரத்துக்கே போனது. கூடவே, நான் கேட்டும் கேளாதவனாய் இருந்த ஒரு மணியோசையும் நினைவுக்கு வந்தது.

இறையியல் கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த நண்பர் ஒருவர் உண்டு. எனக்கு இளையவர், என்னை அண்ணன் என்றே அழைப்பார். அந்தப் பயணத்துக்கு 7 ஆண்டுகளுக்கு முன், ஒரு மாலையில் தொலைபேசியில் அழைத்து, தம் மகளுக்கு மருத்துவப் படிப்பில் இடம் கிடைத்ததென்று சொன்னார். அதே வாரத்தில்தான் என் மகன் தேர்வில் தவறியிருந்தான். "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றேன். ஜெபிப்பதாகச் சொல்லி, கூட்டம் இருக்கிறதென்று தொலைபேசியை வைத்துவிட்டேன். அன்று எந்தக் கூட்டமும் இல்லை. என் தொங்கலில் தீப்பற்றியிருந்தது. அவருக்கு அது புரியாமல் இருந்திருக்காது. அதன்பின் பண்டிகை வாழ்த்துகள் வந்தன; அழைப்புகள் வரவில்லை.

லூக்கா 15-ல் வரும் மூத்த குமாரனைக் குறித்து எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். வயலிலிருந்து வருகிற அவனுக்குக் கீதவாத்தியமும் நடனக்களிப்பும் கேட்கின்றன. கேட்டும் உள்ளே போக மனதில்லாமல் வெளியே நிற்கிறான். அவனைப் பரிசேயன் என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். அவனுடைய காது என் காதாக இருந்ததை அந்தக் கற்படிகளில் அமர்ந்தபோதுதான் அறிந்தேன்.

அன்றிரவு விடுதி அறையிலிருந்து நண்பரை அழைத்தேன். நலம் விசாரித்தபின், "தம்பி, 7 வருஷத்துக்கு முன்னால் மகளைப் பற்றி ஒரு நல்ல செய்தி சொன்னாயே, அதை எனக்கு மறுபடியும் சொல்வாயா? அன்று நான் கேட்கவில்லை" என்றேன். மறுமுனையில் நெடுநேரம் மௌனம். "அண்ணே, அவள் இப்போது டாக்டராகிவிட்டாளே" என்றார். "தெரியும். நீ முதலிலிருந்து சொல்" என்றேன். சொன்னார். செய்தி வந்த நேரத்தில் அவர் மனைவி அடுப்பில் பால் வைத்திருந்தாராம். தாயும் மகளும் கட்டிப்பிடித்து அழுததில் பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துபோயிற்றாம். சொல்லும்போதே அவர் சிரிக்கத் தொடங்கினார், நானும் சிரித்தேன். அந்தப் பாலைப் பற்றி அன்றே சொல்ல ஆசைப்பட்டிருப்பார். நான் இடங்கொடுக்கவில்லை.

அன்பானவர்களே, ரோமர் 12:15 நமக்கு இரண்டு கடமைகளைத் தருகிறது. அழுகிறவர்களோடு அழுவதை நாம் ஓரளவு கற்றிருக்கிறோம். துக்க வீட்டுக்கு அழைப்பை எதிர்பாராமல் போகிறோம். மகிழ்கிறவர்களோடு மகிழ்வதோ அந்த வசனத்தில் முதலாவதாக நிற்கிறது. நம்மிடத்திலோ கடைசியில் நிற்கிறது. அழைப்பிதழை நேரில் தந்தார்களா, தபாலில் அனுப்பினார்களா என்று கணக்குப் பார்க்கிறோம். பிறருடைய மகிழ்ச்சியும் ஒரு மொழிதான். நம்முடைய காயம் ஆறாதிருக்கும் வேளையில் அதைக் கற்பது மிகக் கடினம். ஆயினும், வெளியே நின்ற மூத்தவனைத் தேடித் தகப்பனே வந்தார் என்பதை மறவாதிருப்போம்.

இந்த வாரத்தில் யாராவது நல்ல செய்தியோடு உங்களை அழைக்கக்கூடும். ஸ்தோத்திரம் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடாதேயுங்கள். "முதலிலிருந்து சொல்லுங்கள்" என்று கேளுங்கள். பால் பொங்கி வழிந்த கதை ஏதேனும் அவர்களிடம் இருக்கும்.

கர்த்தர் தாமே நம் செவிகளைத் திறந்தருளுவாராக. ஆமென்.